உப்புப் பார்க்கிறவள்

ஜூலை 9

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே நானும் பேத்தி சிட்டுவும் சுகம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பிள்ளையை விடுதியில் சேர்க்கப்போகிறேன் என்று சொன்னதும், "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும். சொல்லப்போவது இவ்வளவு:

1. சிட்டு தினமும் என்ன சாப்பிடுகிறாள்.
2. மதியச் சாப்பாடு மிச்சமில்லாமல் தீர்கிறது என்பதற்குச் சான்று.
3. சமையலறையில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை.
4. விடுதி வேண்டாம் என்ற வேண்டுகோள்.

முதலாவது: காலையில் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு பழம். மதிய டப்பாவில் சோறு, பருப்பு, இரண்டு காய். திங்கள் கேரட், செவ்வாய் கீரை என்று வெள்ளிவரை பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கடையில் வாங்கியது எதையும் டப்பாவில் வைப்பதில்லை.

இரண்டாவது: நீ சிரிக்கலாம். காலையில் டப்பாவை நிறுத்துப் பார்த்து அனுப்புகிறேன். மாலையில் திரும்ப நிறுக்கிறேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பி நிறுத்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மூன்று வாரமாகத் திரும்பி வருவது வெறும் டப்பாவின் எடைதான். ஒரு பருக்கை கிடையாது. ஆகவே பிள்ளை இளைத்திருக்கிறாள் என்று டீச்சர் சொல்வது வளர்த்தியால் இருக்கலாம். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

நான்காவது: உன் நர்சிங் பயிற்சி முடிய இன்னும் ஏழு மாதம். என் மகன் கப்பலை விட்டு இறங்க அதற்கு மேலும் ஆகும். அதுவரை பிள்ளை என்னோடு இருக்கட்டும் அம்மா. அவள் இல்லாவிட்டால் எனக்கு அடுப்பு மூட்டக் காரணம் இல்லை. இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா


ஜூலை 16

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படித்த அன்றைக்கே டீச்சரிடம் போனில் கேட்டேன். சிட்டு மதியம் டப்பாவைத் திறந்ததும் வரிசையாக எல்லாருக்கும் பங்கு வைத்துவிடுகிறாளாம். யாரும் வாங்காததைக் குழாயடியில் கொட்டிக் கழுவிவிடுகிறாளாம். பிறகு பக்கத்துப் பிள்ளை தரும் இரண்டு பிஸ்கட்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உங்களைப் பால் வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு அவளிடம் பேசினேன். நீங்கள் அவளைக் கோபிக்கக்கூடாது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தாத்தா தராசுல வச்சுப் பாப்பாரும்மா. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மூஞ்சி தொங்கிப்போயிடும். பாவமா இருக்கும்."

"ஏண்டி சாப்பிட மாட்டேங்கற?"

"ஒரு நாள் கடல் தண்ணி மாதிரி கரிக்குதும்மா. ஒரு நாள் உப்பே இல்ல. கீரை ஒரு நாள் தீஞ்சு போயிருந்துச்சு. தாத்தாவுக்குத் தெரியவே இல்ல."

மாமா, உங்களை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். காபியில் சர்க்கரை அரைக் கரண்டி கூடினால் கண்டுபிடிக்கிறவர் நீங்கள். அடுப்பிலிருந்து இறக்கும்போது ருசி பார்ப்பதில்லையா? உடம்பு சரியாக இருக்கிறதா? மறைக்காமல் சொல்லுங்கள். விடுதிப் படிவம் மேசைமேல் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

உங்கள்
மருமகள்


ஜூலை 20

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று தராசை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளை என் முகத்துக்குப் பயந்து பசியோடு இருந்திருக்கிறாள். இத்தனை படித்தவனுக்கு இது தோன்றவில்லை.

உப்புத் தகராறுக்குக் காரணம் கரண்டி. பழையது உடைந்துவிட்டது, புதியது ஆழம் கூடியது. இப்போது வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். காலையில் சிட்டுதான் உப்புப் பார்க்கிறாள். ஸ்டூல்மேல் ஏறி நின்று, உள்ளங்கையை நீட்டி, அதிகாரி மாதிரி.

"தாத்தா, பத்தல."

"இப்போ?"

"இன்னும் ஒரு சிட்டிகை. ஐயோ தாத்தா, அது சிட்டிகையா, உங்க கை என்ன மண்வெட்டியா?"

மிச்சம் இருந்தால் அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நேற்று இரண்டு துண்டு பீன்ஸ் வந்தது. எதிர்வீட்டுத் தையற்காரம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். "மிச்சம் வந்ததுக்கா இவ்வளவு சிரிப்பு?" என்றார்.

இன்னும் பத்து நாள் பொறுத்துப் பார் அம்மா.

அன்புடன்,
மாமா


ஜூலை 25

அன்புள்ள மாமாவுக்கு,

டீச்சர் தானே கூப்பிட்டுச் சொன்னார், சிட்டு டப்பாவில் இருப்பதை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளாம். யாருக்கும் பங்கு கிடையாதாம். எனக்கு அன்றைக்கு வார்டில் கால் தரையில் பாவவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கிழித்துப் போடவும் கை வரவில்லை. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் நீங்கள் கரண்டியைத்தான் பதிலாகச் சொல்லியிருக்கிறீர்கள். போனில் கேட்டால் சிட்டுவிடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

எனக்கு மருத்துவச் சீட்டு எதுவும் வேண்டாம் மாமா. 'எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளை பத்திரமாக இருப்பாள்' என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நம்புவேன். மாதக் கடைசிக்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள்.

உங்கள்
மருமகள்


ஜூலை 28

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கேட்ட ஒரு வரியை நேற்றே எழுதி, உறையில் போட்டு, தபால்பெட்டிவரை போனேன். போட முடியவில்லை. திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

நீ கிளம்பிய மாதம் எனக்குக் காய்ச்சல் வந்ததல்லவா. அது போனபோது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. தினமும் காலையில் காபித்தூளை முகர்ந்து பார்க்கிறேன். காகிதத்தை முகர்வது போலத்தான். ருசியும் கூடவே போயிற்று. வெந்நீருக்கும் ரசத்துக்கும் சூடு ஒன்றுதான். தண்ணீரில் துளி வாடை இருந்தாலும் சொல்கிறவன் என்று பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பெயர் இருந்தது. அதனால்தான் வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது என்று நினைத்திருந்தேன். அது முழு உண்மையில்லை. சொன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவாய் என்ற பயம்.

இதோடு நின்றிருந்தால் அந்த ஒரு வரியைத் துணிந்து அனுப்பியிருப்பேனோ என்னவோ. செவ்வாய்க்கிழமை காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கூடத்தில் சிட்டுவின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மழைச்சாரலுக்காகச் சமையலறை ஜன்னலைச் சாத்தியிருந்தேன். திரும்பி வந்தபோது பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. மறுபடி பற்றவைக்க லைட்டரைக் கையில் எடுத்தேன். சிட்டு குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"வேணாம் தாத்தா, கேஸு. வீடு பூரா நாத்தம் அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

அடுப்பைத் திருகி மூடினேன். ஜன்னல் கதவை எல்லாம் திறந்துபோட்டு, இருவரும் வாசலில் போய் நின்றோம். அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"அம்மாகிட்ட சொல்லிடாதே கண்ணு."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "சொல்ல மாட்டேன் தாத்தா, பயப்படாதீங்க" என்றாள். இன்றுவரை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். இவ்வளவு வயதான பிறகு ஒரு குழந்தையை, அவளைப் பெற்ற தாயிடமே மறைக்கச் சொன்னேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்று காலை அவளைக் கூப்பிட்டு, "நானே அம்மாவுக்கு எழுதறேன், நீயும் தாராளமாச் சொல்லலாம்" என்றேன். பெரிய மூட்டையை இறக்கியவள் போல மூச்சுவிட்டாள்.

செவ்வாயிலிருந்து நம் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. டப்பாவில் ரொட்டி, வெண்ணெய், வெள்ளரி, பழம். இரவுக்குச் சோறும் குழம்பும் தையற்காரம்மா அவர் அடுப்பில் வைத்துத் தருகிறார். அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமை போகிறேன். மூக்கு திரும்பும் என்றோ திரும்பாது என்றோ எனக்குச் சொல்லத் தெரியாது.

படிவம் உன் கையில் இருக்கிறது. நீ எதைச் செய்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். வருத்தப்படுவேன். ஆனாலும் கையெழுத்துப் போடு.

பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று கேட்டேனே, முதல் கடிதத்தின் அந்த நான்காவது இன்னும் என் ஆசைதான். இரண்டாவது, எடை சரி, நான் அதிலிருந்து எடுத்த முடிவு மட்டும் பிசகு. சமையலறையில் தடுமாற்றம் இல்லை என்ற மூன்றாவது அப்படியில்லை. எழுதும்போதே எனக்குத் தெரியும். அது தவறு.

மாமா