நாலரை அங்குலக் குளம்பு

முடிச்சூர், 22-1-2006, ஞாயிறு, மாலை 6.20. ஓடியவை ஒன்பது. முதலில் வந்தது நான் லாடம் அடித்த குதிரை.

அன்பு மகள் வினிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் சுகத்தில் குறையில்லை, புனே ஜாக்கி பள்ளியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கைகால் முறியாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று கிண்டியில் ஓக்ஸ், பெண் குதிரைகள் மட்டும் ஓடும் ஒன்றரை மைல் பந்தயம். வெள்ளிக்கிழமை காப்பர் பெல் என்ற குதிரைக்கு இரும்பு லாடத்தைக் கழற்றிவிட்டுப் பந்தயத்துக்கான அலுமினிய லாடம் அடித்தேன். முன்குளம்பை அளந்தால் நாலரை அங்குலம்தான், பந்தயக் குதிரைக்கு அது சின்னக் குளம்பு. ஐ.டி.ஐ. படித்த திமிர், இந்தக் கால் ஒரு மைலுக்கு மேல் தாங்காது என்று டிரெயினரிடமே சொல்லிவிட்டேன். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் அசரியா, "இன்னா மாஸ்டர், காலத்தான் அளந்தே, மூச்ச அளந்தியா? வாய மூடிகினு ஆணிய அடி" என்றான். இன்று கடைசி வளைவில் காப்பர் பெல் ஆறாவதாக வந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தாண்டி, இரண்டு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. அசரியா அதன் காலைத் தூக்கி லாடத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டினான். ஓர் ஆணிகூட அசையவில்லை.

இந்தப் பந்தயம் இங்கிலாந்தில் 1779-ல் தொடங்கியது. எல்லோரும் கொண்டாடும் டெர்பி அடுத்த வருஷம்தான் வந்தது, ஆக இதுதான் அக்கா. ஆண் குதிரைகளோடு ஓடினால் பெண் குதிரை முதுகில் சுமக்கும் எடையைக் குறைத்துக் கொடுப்பார்கள். இங்கே அந்தத் தயவு கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே எடை. அதனால்தான் எனக்குப் பிடிக்கும். உன் விஷயத்தில் மட்டும் மாற்றிப் பேசினேன். மும்பையில் இதே மாதிரிப் பந்தயத்தில் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள், பயிற்சி ஜாக்கிகளுக்கான எடைச் சலுகை அதில் இல்லை, அப்பாவின் சம்மதம் வேண்டும் என்று நீ அனுப்பிய படிவம் மூன்று வாரமாக என் லாடப் பெட்டியில் கிடக்கிறது. நாற்பத்தாறு கிலோ உடம்பு, ஒன்றரை மைல் தாக்குப்பிடிக்காது என்று உன்னையும் அளந்து வைத்திருந்தேன். இன்றைய கதையைக் கேட்டுவிட்டு அம்மா, "குதிர கிட்ட ஒரு தப்பு, பொண்ணு கிட்ட ஒரு தப்பு, போதும்யா, பேனாவ எடு" என்றாள்.

கடிவாளத்தை விரலில் சுற்றிக்கொள்ளாதே. முதல் அரை மைலிலேயே வேகத்தைக் கொட்டிவிடாதே. அங்காளம்மன் உன்கூட இருப்பாள். எத்தனையாவதாக வந்தாலும் என் மகள் என்றுதான் கிண்டி முழுக்கச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
அப்பா இளமாறன்

இனி நான் செய்யப்போவது:
1. இப்போதே படிவத்தில் கையெழுத்து. கரி பட்ட இடத்தைக் கண்டுகொள்ளாதே.
2. நாளைக் காலை தாம்பரம் தபால் ஆபீஸில் ரெஜிஸ்டர் தபால்.
3. மும்பைக்கு இரண்டு டிக்கெட். அம்மாவும் வருகிறாள்.
4. அளவு டேப்பை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.