காலி இடம் கண்ணில் படும் வண்டி

கண்ணம்மாவின் அப்பாவுக்கு,

சோறு வடித்திருக்கிறேன். குழம்பைச் சுடவைத்துக்கொள்ளவும். கண்ணம்மாவுக்குச் செருப்பு வாங்கக் கரையான்சாவடி போகிறோம்.

நாலு மணிக்குப் புரோக்கர் கோதண்டம் இரண்டு வண்டியையும் கொண்டுவருவார்: ஏலத்தில் எடுத்த மிலிட்டரி ஜீப், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் சைடுகார் வைத்த ஸ்கூட்டர். அயனம்பாக்கம் ஏரிக்கரை மண்பாதைக்கு எது சரி என்று கேட்டீர்கள். எனக்கு இன்ஜின் தெரியாது.

போன ஞாயிறு அந்தப் பாதையில் சேறு என்று நம் ஸ்கூட்டரிலிருந்து என்னை இறங்கச் சொன்னீர்கள். சேற்றைத் தாண்டியதும் ஏற்றிக்கொள்ள மறந்து, குழந்தையோடு நூம்பலில் எங்கள் வீட்டுக்கே போய்விட்டீர்கள். "இன்னா மாப்ளே, எம்பொண்ணு எங்க?" என்று அம்மா கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தீர்களாம். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மதகு வரை நடந்திருந்தேன். நீங்கள் இன்னும் அதை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள்.

ஜீப் என்றால் உங்கள் அம்மா முன்னால் உட்காருவார்கள், நான் பின்னால். சைடுகார் காலியாக இருந்தால் உங்கள் கண்ணில் படும். அதையே எடுங்கள்.

லோகநாயகி

மழை வந்தால் கொடியில் இருக்கும் துணியை எடுக்கவும். சேற்றுக்கறைச் சேலையை மட்டும் விட்டுவிடலாம்.

ஆறரை பஸ்ஸில் வருவோம். ஸ்டாப்புக்கு வந்தால், வண்டியைக் கிளப்பிய பிறகு ஒருமுறை திரும்பிப் பார்க்கவும்.