மூடியைக் கழற்றியது யார்?

இன்று காலை டூட்டியில், பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து கொண்டுவந்த ஒருவரின் கையைக் கழுவிக் கட்டுப்போட்டேன். பெரிய காயமில்லை, தையலோடு போயிற்று. ஆனால் அவர் சட்டையிலிருந்து அந்த வாடை வந்தது. கருகிய இரும்பும் கூலண்ட் எண்ணெயும் கலந்த வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் உங்கள் கழுத்தைவிட்டுப் போகாத வாடை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மருந்து அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் நர்ஸாக வேண்டும் என்பது உங்கள் ஆசை, என்னுடையதல்ல. ஸ்ரீராம்புரத்தில் நம் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஆயா வேலை எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்த நீங்கள், வாசலில் நின்றபடி நான் ஒரு கிழவருக்கு முதுகு துடைத்துவிடுவதைப் பார்த்தீர்கள். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது கேட்டீர்கள்: "பி.யு.சி. பாஸ் பண்ணவதானே நீ? அந்த கிளினிக் நர்ஸு பொண்ணு படிச்சத நீ படிக்க முடியாதா?"

கல்யாணமானவர்களையும் சேர்க்கிற நர்சிங் ஸ்கூல் ஒன்றை நீங்களே விசாரித்துக்கொண்டு வந்தீர்கள். நுழைவுத் தேர்வு உண்டு. அறிவியல் கேள்விகளைச் சமாளித்துவிடுவேன். இங்கிலீஷ் கிராமர்தான் பயம். கன்னட மீடியத்தில் படித்தவளுக்கு அது எப்போதுமே பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. சத்தம் கேட்கும், விஷயம் புரியாது.

ராஜாஜிநகரில் ஒரு மாடியில் கோச்சிங். கூட உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் நேற்றுத்தான் காலேஜ் முடித்தவர்கள். முதல் நாளே என்னை "ஆன்ட்டி" என்றார்கள். வீட்டுக்கு வந்து இனிப் போகமாட்டேன் என்றேன். "அவங்க ஆன்ட்டின்னா சொல்லட்டும். நான் இப்பவே சிஸ்டர்னு கூப்பிடறேன்," என்றீர்கள். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். கட்டிய பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற மனுஷனைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

ஷிப்ட் முடிந்து வந்ததும் கைகூடச் சரியாகக் கழுவாமல் கைடைப் பிரித்துவைத்து என்னைக் கேள்வி கேட்பீர்கள். பத்தாவதோடு நிறுத்தியவர் நீங்கள். இருந்தாலும் எனக்கு முன்னால் உங்களுக்கு இலக்கணத்தின்மேல் கோபம் வரும். ஹவர் என்று எழுதி அவர் என்று படிப்பதால் அதற்கு முன்னால் 'அன்' என்று போட வேண்டும் என்று நான் சொன்னபோது, "எழுதினத வாயில சொல்லக்கூடாது, வாயில சொல்றத எழுதக்கூடாது. என்ன பாஷை இது!" என்று புத்தகத்தையே அதட்டினீர்கள்.

பாஸிவ் வாய்ஸ் படித்த அன்று நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பூனை எலியைக் கொன்றது என்பதை மாற்றச் சொன்னீர்கள். "தி ராட் வாஸ் கில்ட்," என்றேன்.

"பூனை எங்க போச்சு?"

"அத சொல்லணும்னு கட்டாயமில்ல. யாரு செஞ்சாங்கன்னு தெரியலன்னா, தேவையில்லன்னா, விட்டுடலாமாம்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கைடு மடியிலிருந்து விழுந்தது. "இது எங்க சூப்பர்வைசர் பேசற பாஷை," என்றீர்கள். அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னீர்கள், ஏதோ வேடிக்கை சொல்வதுபோல. நீங்கள் இரும்பைச் சாணை பிடிக்கும் கிரைண்டிங் மெஷினில், சக்கரம் உடைந்தால் துண்டு பறக்காமல் தடுக்கிற இரும்பு மூடியைக் கழற்றிவிட்டார்களாம். மூடி இருந்தால் சக்கரம் மாற்ற நேரமாகிறதாம், டார்கெட் வரவில்லையாம்.

"யாரு கழட்டினது?"

"நான் போறப்பவே இல்ல."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன். 'ஆய்த்து, நோடோணா'ன்னாங்க. பாக்கலாமாம்."

"வேணாங்க. வேற மெஷினு கேளுங்க. இல்லன்னா விட்டுட்டு வந்துடுங்க."

"உன் பரீட்சை முடியட்டும் சிஸ்டர். நீ உள்ள போயிட்டன்னா நான் வெளிய வந்துடறேன்."

பரீட்சைக்கு முன்பே சக்கரம் வெடித்தது. நான் கிளினிக்கில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். உங்களோடு வேலை செய்த ஜோசப் போன் செய்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைத் துணியை நெஞ்சுவரை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. துண்டு நெஞ்சில் பாய்ந்திருந்தது. அதைக்கூட ஒரு நர்ஸ்தான் எனக்குச் சொன்னாள், இங்கிலீஷில்.

அடக்கம் முடிந்த சில நாளில் கம்பெனி ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். உங்கள் அண்ணனோடு போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல தமிழ் பேசினார், டீ வரவழைத்தார், உங்களைப்போல் வேலைக்காரன் கிடைப்பது கஷ்டம் என்றார். பிறகு நடந்ததை எழுதியிருக்கிறோம், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று இங்கிலீஷில் டைப் செய்த தாளை நகர்த்தினார். அண்ணன் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் படித்தேன். மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. தி கார்ட் வாஸ் ரிமூவ்ட். ப்ராப்பர் கேர் வாஸ் நாட் டேக்கன். மூடி கழற்றப்பட்டிருந்தது. தக்க கவனம் எடுக்கப்படவில்லை. கழற்றியது யார், கவனம் எடுக்காதது யார் என்று எங்கேயும் இல்லை. அந்தத் தாளில் ஆள் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, உங்களுடையது. படிக்கிறவர்கள் எல்லாவற்றையும் அந்தப் பெயர்மேல் ஏற்றிக்கொள்வார்கள்.

"பை ஹூம், சார்?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"மூடி கழட்டியிருந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. யாரு கழட்டினாங்க?"

"அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. எப்பவும் இப்படித்தான் எழுதுவோம். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"இதைத்தான் சார் படிச்சிட்டிருக்கேன்."

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்ததும் அண்ணன் கத்தினார். "போனவன் போயிட்டான். நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிஞ்சா பெரிய ஆளா நீ?" அதன்பின் அவர் நம் வீட்டுப் படி ஏறவில்லை.

தேர்வுக்குப் போனேன். போகாமல் இருந்தால் உங்களை இரண்டாவது முறை புதைத்ததாகிவிடும் என்று நினைத்தேன். வாக்கியத்தை பாஸிவில் மாற்று என்று கேள்வி வந்தது. சரியாகத்தான் எழுதினேன். சீட் கிடைத்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன்.

லேபர் கோர்ட்டில் நான் போட்ட கேஸ் இழுத்துக்கொண்டே போயிற்று. ஜோசப்பை சாட்சி சொல்லக் கூப்பிட்டேன். நம் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருப்பான்! தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி, எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க," என்றான். நான் மட்டும் யாராம்? கடைசியில் கம்பெனிதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி என்றால் யார்? ஸ்பானரைப் பிடித்தது எந்தக் கை? கழற்று என்று சொன்னது எந்த வாய்? அது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த சூப்பர்வைசருக்கு இப்போது மேனேஜர் பதவி என்று கேள்விப்பட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் உங்களுக்குச் சர்ச்சில் நினைவுப் பூசை வைக்கிறேன். இந்த முறை பூசை முடிந்ததும் ஃபாதர் என்னை நிறுத்தினார். என் முகத்தில் இருந்த கோபம் அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "மன்னிச்சுடும்மா. மனசு லேசாகும்," என்றார்.

"யாரை, ஃபாதர்?"

அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன். மன்னிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த விஷயத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஆள் ஒருவர்தான். மூடி இல்லை என்று தெரிந்தும், தினமும் போய் அந்தச் சக்கரத்துக்கு முன்னால் நின்ற ஆள். நான் வேண்டாம் என்று சொன்னபோது, என் பரீட்சையைக் காரணம் காட்டிச் சிரித்த ஆள். பகலெல்லாம் யார்யாருக்கோ கட்டுப்போடுகிறேன், ஊசி போடுகிறேன், "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்கிறேன். உங்களை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.