வந்த காரணம்: குளிக்க

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, கொழும்பில் தங்கும் தமிழர் நிரப்பிக் கொடுக்கிற பொலிஸ் பதிவுப் படிவத்தில் உன் பெயரை எழுதினேன். பிறகு வெட்டினேன். ஆறு வருடப் பழக்கம், இந்த அறைக்கு இரண்டு பேர் என்று கை தானாக எழுதுகிறது. நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது.

அடுத்த நிரலில், கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம் கேட்டிருந்தது. வழக்கமாக "தொழில்" என்று எழுதிவிட்டு எழும்பிவிடுவேன். இன்று முடியவில்லை. குடியேறி வருவதற்கான பத்திரங்களைத் தம்பி கனடாவிலிருந்து அனுப்பியிருக்கிறான். மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். அவளும் இல்லை, இனி அந்த வெள்ளவத்தை அறையில் ஆருக்காக இருக்கிறாய் என்று தொலைபேசியில் கேட்கிறான். படிவத்தைப் பார்த்தபடி இருந்தபோது நீ எழுதிய பதில் ஒன்று நினைவுக்கு வந்து, தனியே இருந்து சிரித்தேன்.

சிலி நாட்டின் வடக்கில், எரிமலைகள் சூழ்ந்த அந்தப் பாலைவனம். உன் அண்ணர் அங்கே செம்புச் சுரங்கத்தில் எஞ்சினியர். கொழும்புக் கோட்டையில் நாங்கள் வேலை செய்த கந்தோருக்குப் பக்கத்தில் குண்டு வெடித்து, உன் முதுகிலிருந்து கண்ணாடித் துண்டுகளை எடுத்த அடுத்த வருடம், கொஞ்ச நாள் ஆறிவிட்டுப் போங்கோ என்று இருவரையும் கூப்பிட்டார். பதினாலாயிரம் அடி உயரத்தில், ஒரு மரமும் இல்லாத வெளியில், நிலம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நாலு அடி நடக்க மூச்சு வாங்கியது. குண்டு வெடித்த அன்றைக்குப்போலக் கந்தக வாடை அடித்ததும் நான் நின்றுவிட்டேன். "வாடி, இது வெறும் பூமி" என்று கையைப் பிடித்து இழுத்தாய்.

சுடுதண்ணீர்க் குளத்தடியில் கம்பளித் தொப்பி போட்ட காவலாளி ஒரு கொப்பியை நீட்டினார். வருகிறவர்கள் பெயரும் நாடும் எழுதுகிற சாதாரணக் கொப்பி. நீ கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தாய். முழுப்பெயர், அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, வீட்டு உரிமையாளர் பெயர் எல்லாவற்றையும் அடுத்தவர்களுக்கான கோடுகளிலும் இறங்கி எழுதினாய். வந்த காரணம்: குளிக்க. திரும்பும் திகதி: பன்னிரண்டு.

காவலாளி கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணர் எட்டிப் பார்த்து, "இவர் பொலிஸ் இல்லையடி" என்றார். அந்தக் காற்று சிரிப்பதற்குப் போதாது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருமி இருமிச் சிரித்தோம். எழுதியதை வெட்டப் போகிறாய் என்று நினைத்தேன். வெட்டவில்லை. "எழுதினது சரிதானே" என்றாய்.

பிறகு, கழுத்துவரை பூட்டியிருந்த சட்டையைக் கழற்றினாய். ஒரு வருடமாக என்னைத் தவிர யாருக்கும் காட்டாத முதுகு. குளத்திலிருந்த நாலைந்து வெள்ளைக்காரர் பார்த்தார்கள். ஒருவரும் காரணம் கேட்கவில்லை, தள்ளி இடம் விட்டார்கள். விளிம்பெல்லாம் பனிக்கட்டி, உள்ளே கழுத்துவரை சூடு. அண்ணர் கரையில் நின்று, இங்கேயே இருந்துவிடுங்கோ, விசா அலுவலை நான் பார்க்கிறேன், அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். நீ மல்லாந்து மிதந்தபடி சொன்னாய்: "நாங்கள் ஓடி வரேல்லை அண்ணை. குளிக்க வந்தனாங்கள். குளிச்சிட்டுப் போவம்."

சொன்ன திகதியில் திரும்பினோம். விமான நிலையத்திலிருந்து வெள்ளவத்தை வரும்வரை ஐந்து சோதனைச் சாவடிகளில் மறித்தார்கள். ஒவ்வொரு முறையும் நீ ராணி மாதிரி இறங்கினாய். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்ட ஆமிக்காரனுக்கு, "நான்ன கியா", குளிக்கப் போனோம் என்று சிங்களத்தில் சொன்னாய். சூட்கேசைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான்.

நாங்கள் விரும்பித் திரும்பி வந்தவர்கள். தம்பிக்கு இது தெரியாது. இந்த மூன்று மாதத்தில் நானும் மறந்திருந்தேன்.

அவன் அனுப்பியதில் கையெழுத்து வைக்கப் போவதில்லை. மார்கழியில் ஒரு மாதம் லீவு எடுத்து, சுற்றிப் பார்க்கிற விசாவில் அவன் வீட்டுக்குப் போவேன். அவனுடைய பிள்ளைகளோடு பனியில் விழுந்து எழும்புவேன். போகவர டிக்கெட்தான் எடுப்பேன். இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.