கதவில் வெட்டிய கண்ணாடி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஃபோனில் கேட்டால் “ம்” என்பதற்கு மேல் உன்னிடமிருந்து வார்த்தை வருவதில்லை. தலைமையாசிரியர் ஆகிவிட்டாய் அல்லவா.

திங்கட்கிழமை உன் ஆசிரியர்கள் முன் வாசிக்கப்போகும் திட்டத்தைப் பிழை பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாய். பிழை ஒன்றும் இல்லை, அதில் மனுஷரும் ஒருவர்கூட இல்லை. நிருபராக இருந்தவன் முதலில் தேடுவது அதைத்தான். யார் வகுப்பையும் எப்போது வேண்டுமானாலும் பார்த்து மதிப்பெண் போடுவாயாம், அதை வைத்துப் பதவி உயர்வாம். இதே ஞானோதயம் அம்மா பாடம் நடத்திய பள்ளிக்கு அந்தக் காலத்தில் புதிதாக வந்த தலைமையாசிரியருக்கும் உண்டானது. தச்சரைக் கூப்பிட்டு வகுப்பறைக் கதவுகளிலெல்லாம் முக உயரத்துக்குச் சதுரமாக வெட்டிக் கண்ணாடி போட்டார். மதிப்பெண் தாளோடு வராந்தாவில் நடந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பார். அன்றுமுதல் அவர் பெயர் கண்ணாடிக்காரர். ஆசிரியர் அறையில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை, “பிரமாதம் சார்” என்று தலையாட்டிவிட்டுப் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கண்ணாடி நிறைய ஒட்டிவிட்டார்கள். ஒரு கதவில் யானை, ஒரு கதவில் ரயில். அந்தப் புண்ணியவான் பூரித்துப்போய், பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரியை வராந்தா முழுக்க நடத்திக் காட்டி, “மாற்றத்த எவ்வளவு ஆசையா ஏத்துக்கிட்டாங்க பாத்தீங்களா” என்றாராம். அம்மா சிரிப்பை அடக்க இருமியே ஓய்ந்துபோனாள்.

சிரிப்பு அதோடு சரி. அறிவியல் டீச்சர் உனக்கு ஞாபகம் இருக்கும், சர்க்கரை போடாத டீ கேட்பாளே, அவளுக்கும் அம்மாவுக்கும் யாரும் சொல்லாமலே ஒரு பழக்கம், ஒருத்தி பாடம் நடத்தும்போது மற்றவள் கடைசி பெஞ்சில் போய் உட்காருவாள். “அக்கா, பின்னக் கணக்குல நீங்க ஓடிட்டீங்க, பின்வரிசை வழியிலேயே நின்னுடுச்சு” என்று அவள் சொன்னதற்கு அம்மா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் அந்தப் பாடத்தை முதலிலிருந்து எடுத்தாள். மதிப்பெண் தாள் வந்த பிறகு அந்த டீச்சர் வருவதை நிறுத்திவிட்டாள். “இப்ப வந்து உக்காந்தா வேவு பாக்குற மாதிரி ஆயிடும், வேண்டாங்க்கா” என்றுவிட்டாளாம். இப்படி ஒன்று நடந்ததும் நின்றதும் கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது யானையும் ரயிலும்.

உன் பள்ளியிலும் இப்படி இரண்டு பேர் இருப்பார்கள். நீ வாசித்து முடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிவிட்டு, ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்காருவதை நிறுத்திக்கொள்வார்கள், உனக்குத் தெரியவே தெரியாது. அம்மா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மொதல்ல இவ ஒரு வகுப்பு எடுக்கட்டும். முட்டுக்கட்ட முட்டுக்கட்டன்னு திட்டுறாளே, அந்த வரலாறு வாத்தியார், அவர கடைசி பெஞ்சுல உக்கார வெச்சு, எங்கே சொதப்பினேன்னு கேக்கட்டும். கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்க முடியுமான்னு கேளுங்க.”

முடியுமா?

திட்டத்தில் கை வைக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். அடுத்து எனக்கு எழுதும்போது உன் பாடத்தைப் பற்றி முட்டுக்கட்டை என்ன சொன்னார் என்று எழுது, அவர் சொன்னபடியே எழுது.

ஆசிகளுடன்,
உன் அப்பா