ஆதரவு இல்லை என்பதற்கான கடிதம்

ஜூலை 8, செவ்வாய்

செய்முறை வகுப்பில் இன்று ரத்தம் எடுக்க ரப்பர் கையில் ஊசி குத்திப் பழகினோம். குத்தினால் கத்தாத கை. இருந்தும் என் விரல்கள் நடுங்கின. மூன்று முறை குத்தி மூன்று முறையும் நரம்பு தப்பியது.

ஆசிரியை என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"காலைல சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

நாற்பத்தொரு வயதில், சாப்பாட்டைப் பற்றி ஒரு பொய் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

"நடுங்குற கையில ஊசி குடுக்க முடியாதுங்க. செப்டம்பர்ல நிஜ ஆளுங்களுக்குக் குத்தணும். கீழ மாணவர் நல அறை இருக்கு, ஒரு தடவை போய்ப் பாருங்க."

போகமாட்டேன்.

ஜூலை 9, புதன்

போகமாட்டேனாம். பெரிய மகாராணி.

ஜூலை 10, வியாழன்

போனேன்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்த அறை. மேலே யார் நடந்தாலும் தலையில் நடப்பது போலக் கேட்கிறது. ஒரு மேசை, ஒரு குளிர்பதனப் பெட்டி, சுவர் முழுக்கத் தகர அலமாரி. அலமாரியில் அரிசி, பருப்பு, டப்பாவில் அடைத்த மீன், பால்மாவு, சோப்பு. ஒரு தட்டில் குழந்தைகளுக்கான டயப்பர்கூட இருந்தது. வாரத்துக்கு இரண்டு பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் படிவம். ஏழு பக்கம்.

மேசையில் இருந்த அம்மாவுக்கு மனதுக்குள் படிவக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாலே படிவம்தான்.

நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி. கடந்த முப்பது நாட்களில் பசியோடு தூங்கியது உண்டா? ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி. நான் 'சில சமயம்' என்பதில் குறி போட்டேன்.

படிவக்காரம்மா பார்த்தாள். "உண்மையாவே சில சமயம்தானாம்மா? 'சில சமயம்'னா புள்ளி கம்மி. நாளைக்கு வேற உதவி எதுவும் கேக்கணும்னா அது உதவாது."

பசிக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அதிலும் நான் குறைவாக வாங்கப் பார்த்திருக்கிறேன். அடித்துவிட்டு 'அடிக்கடி' என்று மாற்றினேன். உண்மை அதுதான். எழுதியபோது பொய் சொல்வது போல முகம் சுட்டது.

ஜூலை 11, வெள்ளி

மகள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பதினான்கு வயதுக்குள் கேட்கக் கூடாதது எது என்று கற்றுவிட்டாள்.

ஜூலை 16, புதன்

முட்டாள்தனம் செய்துவிட்டேன். கல்லூரி முத்திரை போட்ட பையோடு நேராக வீட்டுக்குள் போனேன். கூடத்தில் அண்ணன்.

"என்னது அது?"

சொன்னேன்.

"என் வீட்ல இருந்துக்கிட்டு ஊர்ல கையேந்துறியா? யாராவது பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

நான் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு நாள் கேட்டவனில்லை. என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, நாலு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம். துணிக்கடை வேலைக்குப் போனவரை ஒரே சமையல். வேலையை விட்டு ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்த அன்றைக்குத்தான், "படிக்கணும்னா உன் பாட்டை நீ பாத்துக்க" என்றான். அவன் வாயால் சொல்வான், அண்ணி அதை நடத்துவாள். குளிர்பதனப் பெட்டியில் எங்கள் தட்டைக் காலி செய்தது அவள். அடுப்பு எங்களுக்குக் காலை ஆறிலிருந்து ஆறரை வரை என்று மணி சொன்னதும் அவள்.

இன்று அண்ணன் கத்தியபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

இனிமேல் பொருளை வேறு பைக்கு மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

ஆகஸ்ட் முடிவதற்குள் நாங்கள் இருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டுமாம். அண்ணன் வாடகைக்கு ஆள் பார்த்துவிட்டான். என்னிடம் நேரில் சொல்லவில்லை. என் மகளிடம், "உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்றிருக்கிறான். அவள் பள்ளிப் பையைக்கூட இறக்காமல் வந்து சொன்னாள்.

எங்கே போவது?

எங்கே போவது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

படிவக்காரம்மாவிடம் சொன்னேன். அழக்கூடாது என்று தீர்மானித்துப் போனேன், அழவில்லை. அழாதது அங்கே எனக்குப் பாதகமாகிவிடுமோ என்றுகூட நினைத்தேன். இப்படியெல்லாம் கணக்குப் போடும் புத்தி எப்போது வந்தது?

கல்லூரிக்குப் பின்னால், பழைய பட்டறைக் கட்டடத்தில் எட்டு அறைகள் இருக்கின்றனவாம். பிள்ளைகளோடு படிக்க வருகிறவர்களுக்கு. படிப்பு முடியும்வரை இருக்கலாம். ஒன்று காலியாகிறது. பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"நீங்க தங்கியிருக்கிற வீட்டுல ஒரு கடிதம் வாங்கணும்மா. உங்களுக்கு அங்க ஆதரவு இல்ல, தொடர்ந்து இருக்க முடியாதுன்னு. கையெழுத்தோட. பதினாலாம் தேதி கடைசி."

"துரத்துறவங்ககிட்டயே போய், துரத்துறோம்னு எழுதி வாங்கிட்டு வரணுமா?"

"விதி அப்படித்தாம்மா இருக்கு."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாலு நாள் வாயில் வைத்துச் சுமந்துவிட்டு இன்று காலை கேட்டேன். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, கல்லூரியில ஒரு கடிதம் கேக்கறாங்க."

"என்ன கடிதம்?"

"எனக்கு இங்க... இனிமே இங்க இருக்க முடியாதுன்னு. நீ எழுதிக் குடுத்தா அங்கயே ஒரு ரூம் குடுப்பாங்க."

கையை நிறுத்தினான். "கூடப் பொறந்தவளை நான் பாத்துக்கலன்னு நானே எழுதித் தரணுமா?"

"காலி பண்ணச் சொன்னியே."

"காலி பண்ணச் சொன்னேன். பாத்துக்க மாட்டேன்னு சொன்னேனா?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. பேருந்தில், வகுப்பில், கை கழுவும் இடத்தில் எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஓர் உருண்டை சோறு போட மாட்டான், போடவில்லை என்று எழுதவும் மாட்டான். எனக்கு வேண்டியது அவன் சோறுகூட இல்லை. அவன் செய்ததை அவனே ஒப்புக்கொள்ளும் ஒரு வரி.

ஆகஸ்ட் 6, புதன்

படிவக்காரம்மாவிடம் சண்டை போட்டேன். எல்லோர் முன்னாலும். "உங்க விதிய எழுதினவங்க யாராவது ஒரு நாளாவது அண்ணன் வீட்ல இருந்திருக்காங்களா?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. "முந்நூத்திச் சொச்சம் பேருக்கு நான் ஒருத்திதாம்மா. விதிய மீறி உங்களுக்குக் குடுத்தா, அதையே காரணம் காட்டி அந்த எட்டு ரூமையும் பூட்டிடுவாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "அண்ணன்தான்னு இல்ல. அந்த வீட்டுல இருக்கிற பெரியவங்க யாரு எழுதினாலும் போதும்."

பெரியவர்கள் யார்? அண்ணி. அவளிடம் கேட்பதைவிட—

ஆகஸ்ட் 9, சனி

மகள் சொன்னாள், "மாமா கையெழுத்து எனக்குப் போட வரும்மா."

அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவன் போட்டது போலவே வந்தது. பயந்துபோய்க் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

மனசாட்சி எல்லாம் இல்லை. பிடிபட்டால் படிப்பும் போகும் என்ற பயம்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அண்ணன் வேலைக்குப் போன பிறகு அண்ணி எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. மடித்த தாளை நீட்டினாள்.

"இது போதுமா பாரு."

நான் கேட்கவே இல்லை. அன்றைக்கு அண்ணனிடம் பேசியதைக் கேட்டிருப்பாள்.

பேருந்து நிறுத்தத்தில்தான் பிரித்தேன். முத்து முத்தான எழுத்து. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'என் நாத்தனாரும் அவர் மகளும் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஏப்ரல் மாதத்திலிருந்து அவர்களுக்கு நாங்கள் உணவு தருவதில்லை. குளிர்பதனப் பெட்டியில் இடம் இல்லை என்று நான்தான் சொன்னேன். காலையில் அரை மணி நேரம் மட்டும் அடுப்பைத் தருகிறோம். நாத்தனார் பல நாட்கள் மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் கல்லூரிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்த மாத முடிவில் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறோம். அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.'

கீழே கையெழுத்து, தேதி.

பார்த்திருக்கிறாள். தினமும் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே, எங்கள் கைக்கு எட்டாதபடி மாவு டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றியிருக்கிறாள். பேருந்து வந்தது தெரியவில்லை. அடுத்ததில்தான் ஏறினேன். எனக்கு வந்தது நன்றியா, ஆத்திரமா?

மாலையில் கேட்டேன். "எதுக்கு அண்ணி எழுதினீங்க?"

"ரூம் காலியாகணும்ல," என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

படிவக்காரம்மா இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இவ்வளவு விவரமா யாரும் எழுத மாட்டாங்கம்மா. புள்ளி முழுசா வரும்."

முதல் தடவையாக முழு மதிப்பெண்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கடிதம் உண்மைதானா என்று உறுதி செய்ய நல அறையிலிருந்து வீட்டு எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். அது அண்ணனின் கைப்பேசி எண். சேரும்போது நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நானும் மகளும் வந்தபோது கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. சமையலறையைப் பார்த்துக் கேட்டான்.

"யார் எழுதினது?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நான்தான்."

"யாரைக் கேட்டு எழுதின?"

"எழுதினதுல எது பொய்னு சொல்லுங்க."

அண்ணன் எதிரில் இருந்த தண்ணீர்ச் செம்பை எட்டி உதைத்தான். அது உருண்டு என் காலடியில் வந்து நின்றது. "நாளைக்கே கிளம்பி உங்கப்பா வீட்டுக்குப் போ. நான் கூப்பிடறவரைக்கும் வராத."

அண்ணி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் குனிந்து செம்பை எடுத்து மேசையில் வைத்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அறை ஒதுக்கிய ஆணை இன்னும் கைக்கு வரவில்லையே, இந்த நேரத்தில் எதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் என் புத்தி போயிற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஏழாம் எண் அறை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், பொது அடுப்பு. மகள் கட்டிலில் குப்புறப் படுத்து நாள் முழுக்கத் தூங்கினாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

உண்மையான கையில் முதல் ஊசி. முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. ஆசிரியை என் தோளைத் தட்டினாள்.

அண்ணி இன்னும் பிறந்த வீட்டில்தானாம். ஒரு மாதமாகிவிட்டது. அண்ணன் மகன் என் மகளிடம் சொல்லியிருக்கிறான். அண்ணியின் எண் என்னிடம் இருக்கிறது. எடுப்பேன், பார்ப்பேன், வைப்பேன். என்ன சொல்ல? எனக்குச் சோறு போடாதவள், எனக்காக வெளியே அனுப்பப்பட்டவள். இரண்டுக்கும் சேர்த்து என்ன வார்த்தை இருக்கிறது?

அக்டோபர் 8, புதன்

அண்ணி திரும்பி வந்துவிட்டாளாம். நான் கடைசிவரை அழைக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

நன்கொடை தருகிறவர்கள் வருகிறார்களாம், மேடையில் ஐந்து நிமிடம் என் கதையைச் சொல்ல முடியுமா என்று கல்லூரி முதல்வர் அலுவலகத்தில் கேட்டார்கள். முடியாது என்றேன். படிவக்காரம்மா பின்னால் வந்து, "நல்லவேளை" என்றாள். ஒரு பால்மாவு டப்பா கூடுதலாகக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மருத்துவமனைப் பயிற்சியில் இது மூன்றாம் வாரம். காலையில் பொது வார்டில் ரத்தம் எடுக்கும் பட்டியலில் பெரியப்பாவின் பெயர். நேற்று சேர்த்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள். நடுவில் அண்ணன். என் வெள்ளை மேலங்கியைப் பார்த்ததும் ஒரு நொடி தடுமாறினான். அவ்வளவுதான். பெரியப்பாவின் காதருகே குனிந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"யார் வந்திருக்கா பாருங்க. நம்ம பொண்ணு. நான்தான் படிக்க வெச்சேன், ஹாஸ்டல்ல சேத்து."

எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியம்மா அவன் கன்னத்தைத் தொட்டாள். நான் பெரியப்பாவின் கையில் பட்டையைக் கட்டினேன். கையை மூடச் சொன்னேன். நடுக்கம் இல்லை. குழாயில் ரத்தம் நிறைந்தது, பெயர் எழுதினேன், நகர்ந்தேன். வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை பயத்தால் இல்லை. அவனிடம் ஒரு வரி எதிர்பார்த்ததெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சுடுநீர்க் குடுவையோடு அண்ணி நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். அவன் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணி, நான் அப்பவே உங்களுக்குப் போன் பண்ணியிருக்கணும்."

"ஆமா," என்றாள். "பண்ணியிருக்கணும்."

குடுவையை நிரப்பினாள். மூடியைத் திருகினாள். திருகியதையே மறுபடி திருகினாள்.

"அந்தக் கல்லூரியில சேர வயசு ஏதாவது பாப்பாங்களா?"

"யாருக்கு அண்ணி?"

"நான் பன்னெண்டாவது முடிச்சிருக்கேன். கணக்குல ஸ்கூல்லயே முதல்."

வயது பார்க்க மாட்டார்கள் என்றேன். ஏப்ரலில் சேர்க்கை, நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். வார்டு பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சத்தமா பேசாத" என்றாள்.

பதினாறு வருஷமாக அவள் எனக்கு அண்ணி. நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் படித்தவள் என்று இன்றுதான் தெரிந்தது. அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.