நுரைக்காத வாளி

1988 பெப். 6, சனி
காலையிலிருந்து மழை. லண்டன் பிளேஸ்டோ முழுக்க ஈரக் கம்பளி மணம்.

அண்ணையின் பியர் பத்து நாளாகியும் சரிவரவில்லை. கெமிஸ்ட் கடையில் வாங்கிய மால்ட் பாகு, ஈஸ்ட், சீனி. பொயிலர் அலுமாரிக்குள் நல்ல சூட்டில்தான் வாளி. முதல் இரண்டு நாள் நுரைத்தது. பிறகு அடங்கிவிட்டது. இப்போது வெறும் இனிப்பு, வாயில் மா மாதிரி.

"நீதானே எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கிறாய். பாத்துச் சொல்லு," என்றார். பிறகு தன் மனைவியான மச்சாளுக்குக் கேட்கும்படி: "இது சரிவராட்டி நான் பழையபடி பப்புக்குத்தான்."

மச்சாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நவம்பரில் பப்பிலிருந்து வரும்போதுதான் காரை விளக்குக் கம்பத்தில் இடித்தார். அதன் பிறகே வீட்டில் குடிப்பதென்ற ஏற்பாடு.

பெப். 7, ஞாயிறு
லைப்ரரிப் புத்தகம். சந்தேகங்கள்:
– பழைய ஈஸ்ட்
– குளிர் (இல்லை)
– சவர்க்காரம். வாளியைக் கழுவியது நான்.

அண்ணையும் என்னைத்தான் நினைக்கிறாரோ. பார்வை அப்படி.

நான் சாத்திவிட்டுப் போன அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது.

பெப். 9, செவ்வாய்
கொஞ்சம் கிளாஸில் எடுத்து யன்னலோரம் வைத்தேன். அடியில் இரண்டு படை. மேலே மண்ணிறம், அது ஈஸ்ட். கீழே வெள்ளை. நாக்கு நுனியில் வைத்தேன். சுள்ளென்றது. வெற்றிலைச் சுண்ணாம்பு.

இந்த வீட்டில் வெற்றிலை போடுவது மச்சாள் ஒருத்தி. அவளுடைய சுண்ணாம்பு டப்பி போன மாதம் வாங்கியது. வழித்துத் துடைத்திருந்தது.

ஊரில் பனை முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் சாறு புளித்துக் கள்ளாகாது, இனிப்பான பதநீராக, கருப்பணியாகவே நிற்கும். மால்ட் பாகையும் அப்படி நிறுத்தப் பார்த்திருக்கிறாள். நின்றும் விட்டது.

பெப். 10, புதன்
சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால் பப். வேலையில் இரண்டு பிழை விட்டேன்.

பின்னேரம் கேட்டேன். "மச்சாள், இப்ப வெத்திலை போடுறேல்லையோ?"

"சுண்ணாம்பு முடிஞ்சுது."

"கெதியா முடிஞ்சிட்டுது என்ன."

அடுப்பைக் குறைத்தாள். "எங்கட அப்பாவும் முதலிலை வீட்டிலை இருந்துதான் குடிச்சவர். கொண்ணையிட்டைச் சொல்லப் போறீரோ?"

"இது பழுதாப் போனால் அவர் பப்புக்குப் போவார். கார்ச் சாவியும் அவரிட்டை."

கறியைத் திரும்பக் கிளறினாள்.

பெப். 11, வியாழன்
என் புத்தகத்தின் மேல் ஒரு பக்கட் ஈஸ்ட். புதிது. வைத்தது யாரென்று கேட்கவில்லை.

தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றினேன். தேசிக்காய்ப் புளி (எலுமிச்சை), சுண்ணாம்பை முறிக்க. சீனி. ஈஸ்ட். பால்காரருக்குத் துண்டு எழுதி வைக்க மறந்துபோனேன்.

பெப். 12, வெள்ளி
நுரை. மெதுவாக, ஆனால் நுரை.

பெப். 20, சனி
போத்தல்களில் அடைத்தோம். மச்சாள் மூடி பிடித்துத் தந்தாள்.

பெப். 27, சனி
சாப்பாட்டுக்கு முன் அண்ணை முதல் போத்தலைத் திறந்து கிளாஸில் ஊற்றினார். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. முகர்ந்தார்.

"தேசிக்காய்ப் புளி விட்டனியோ?"

"ஓம்."

"சுண்ணாம்புக்கு அதுதான் மருந்து."

மச்சாளின் கரண்டி நின்றது. இவருக்கு எப்போதிருந்து தெரியும்?

கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். சிரிக்கவில்லை. "நீர் முதல் குடிச்சுப் பாரும்."

அவள் நின்றபடியே முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"கசக்குது. ஒரு நாளைக்கு ஒரு போத்தல்தான். நான்தான் எடுத்துத் தருவன்."

அண்ணை வெறும் கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னை.